தலையில அடிபட்டா ஸ்டீராய்டு ஊசி போடலாமா? மூளையின் காவல் செல்களும் ஒரு மலைப்பாதையும்

(எபிசோடில் பேசியதை வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கித் தொகுத்திருக்கிறோம்.)

போன மாசம் நேயர் ஒருத்தர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "தலையில அடிபட்டவங்களுக்கு உடனே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டா மூளை வீங்காதுன்னு எங்க ஊர்ல சொல்றாங்க. அப்புறம் ஏன் பெரிய ஆஸ்பத்திரியில கெஞ்சிக் கேட்டாலும் போட மாட்டேங்கிறாங்க? ஏழைங்கன்னா அலட்சியமா?"

அவரோட கோபம் எனக்குப் புரியுது. சுருக்கமான பதில் இதுதான்: அலட்சியம் இல்ல. 10,008 பேரை வச்சு நடத்தின ஒரு சோதனையில, அந்த ஊசி போட்டவங்கள்ல இறந்தவங்க எண்ணிக்கை கூடுதலா இருந்துச்சு. அதனாலதான் போடுறதில்ல. ஆனா இதோட விட்டுட்டா பாதி உண்மைதான் சொன்ன மாதிரி. ஏன்னா ஸ்டீராய்டு ஹார்மோன்கள் மூளையைப் பாதுகாக்கக்கூடும்ங்கிறதுக்கு லேப்ல நிறைய ஆதாரம் இருக்கு. அந்த ஆதாரம் ஏன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேரலைங்கிறதுதான் இந்த எபிசோட்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். தலைக்காயம்னு யார் சொன்னாலும் எனக்கு முதல்ல போடிமெட்டு ரோடுதான் கண்ணுக்கு முன்னாடி வரும். பைக்ல மூணாறு போனவங்க நிறைய பேர் அந்த வழியா போயிருப்பீங்க. முந்தல் வரைக்கும் சமதளம், அப்புறம் ஏற்றம், புலியூத்து, 17 கொண்டை ஊசி வளைவு, 4,000 அடிக்கு மேல கேரள எல்லை. உங்களுக்கு அது ரீல்ஸ் எடுக்கிற இடம். எங்க ஊர் ஆட்களுக்கு அது வேலைக்குப் போற வழி. பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் இருக்கிற ஏலத்தோட்டங்களுக்கு விடியக்காலையிலேயே ஜீப் ஏறிடுவாங்க. பெரும்பாலும் பெண்கள். எங்க பெரியம்மா பல வருஷம் அப்படிப் போனவங்க. "ஏய்யா, ஏறும்போது பயம் இல்ல, சாயந்திரம் எறங்கும்போதுதான் சாமியக் கும்புடுவோம்"னு சொல்வாங்க. இறக்கம், மூடுபனி, ஜீப்ல அளவுக்கு மேல ஆட்கள். இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்னு நினைக்கிறேன்.

இப்ப கணக்கு பாருங்க. மேட்டுப்பகுதியில ஒருத்தர் தலையில அடிபட்டா, முதல்ல போடிக்கு இறக்கணும். அங்க முதலுதவி. காயம் பெருசுன்னா தேனியைத் தாண்டி க.விலக்குல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகணும். மேட்டுல இருந்து அங்க சுமார் 50 கிலோமீட்டர். சில கேஸ் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை வரைக்கும் போகும். இந்த நேரம் முழுக்க மண்டை ஓட்டுக்குள்ள ஒரு விஷயம் நடந்துக்கிட்டே இருக்கும்.

தலைக்காயத்தை டாக்டர்கள் ரெண்டாப் பிரிச்சுப் பார்ப்பாங்க. முதல் காயம், இடிச்ச அந்த நொடியில நடக்கிறது. நரம்பு இழை அறுந்துபோறது, ரத்தக்குழாய் கிழியறது. இதை எந்த மருந்தாலயும் திருப்ப முடியாது. ரெண்டாவது காயம், அடுத்த சில நிமிஷத்துல ஆரம்பிச்சு மணிக்கணக்கா, நாள்கணக்கா வளர்றது. வீக்கம், ரத்தக் கசிவு, ஆக்ஸிஜன் பற்றாக்குறை, அதோட நோயெதிர்ப்புச் செல்களோட ஆவேசம். இந்த ரெண்டாவது காயம் ஆம்புலன்ஸ்ல நோயாளிகூடவே பயணம் பண்ணுது. மருந்தால ஏதாவது செய்ய முடியும்னா இங்கதான்.

அந்தச் செல்கள் யாருன்னு பார்த்துடலாம். மைக்ரோகிளியா. 1919-ல ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ-ஓர்த்தேகா இதைத் தனி வகைச் செல்னு அடையாளம் காட்டினார். உடம்போட மத்த நோயெதிர்ப்புச் செல்கள் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில பிறக்கும். மைக்ரோகிளியா அப்படியில்ல. கரு உருவாகிற ஆரம்ப நாட்கள்லயே, மஞ்சள்கருப் பைங்கிற இடத்துல இருந்து மூளைக்குள்ள வந்து குடியேறிடுது. நாம பிறக்கிறதுக்கு முன்னாடியே வேலைக்குச் சேர்ந்த ஆட்கள்னு வச்சுக்கலாம்.

ரொம்ப நாளா இவங்க அமைதியான நேரத்துல சும்மா தூங்குறாங்கன்னு நினைச்சிருந்தாங்க. 2005-ல உயிரோட இருக்கிற எலியோட மூளைக்குள்ளயே மைக்ரோஸ்கோப் வச்சுப் பார்த்தப்ப அந்த நினைப்பு உடைஞ்சது. செல்லோட உடம்பு ஒரே இடத்துல நிக்குது. கைகள் மாதிரி இருக்கிற கிளைகள் மட்டும் ஓயாம நீண்டு சுருங்கி, சுத்தி இருக்கிற எல்லாத்தையும் தொட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கு. ஏலத்தோட்டத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க சுத்துற வாட்ச்சர் மாதிரி. லேசர்ல ஒரு சின்னப் புள்ளி அளவு காயம் பண்ணினாங்க. அரை மணி நேரத்துக்குள்ள பக்கத்துல இருந்த அத்தனை மைக்ரோகிளியாவும் கிளைகளை அங்க நீட்டி, காயத்தைச் சுத்தி வேலி கட்டிடுச்சு.

நல்ல வேலைதானே, அப்புறம் எதுக்கு இவங்களை அடக்கணும்? இங்கதான் பாப்புலர் சயின்ஸ் வீடியோக்கள் பலதும் வழுக்குது. மைக்ரோகிளியாவை வில்லனாக் காட்டுவாங்க. லேசான தலைக்காயத்துல இந்தச் செல்களோட உணர்வுக் கருவியைத் தடுத்துப் பார்த்த ஒரு எலி ஆய்வு, 2014-ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. தடுத்த எலிகள்ல கூடுதலான செல்கள் செத்துப்போச்சு. அதாவது முதல் சில மணி நேரத்துல இவங்க இல்லாட்டி நிலைமை இன்னும் மோசம்.

பிரச்சினை அதுக்கப்புறம். காயம் பெருசா இருந்தா, மைக்ரோகிளியாவுக்கே ஆக்ஸிஜன் கிடைக்காது. கொஞ்சம் செல்கள் செத்துப்போகும். மீதி இருக்கிறது கிளைகளை உள்ள இழுத்து, உருண்டையாகி, நைட்ரிக் ஆக்ஸைடு, டிஎன்எஃப் மாதிரி ரசாயனங்களைக் கொட்ட ஆரம்பிக்கும். கிருமியைக் கொல்றதுக்கான ஆயுதம் அது. இங்க கிருமியே இல்ல, பக்கத்து வீட்டுக்காரனா இருக்கிற நரம்புச் செல்தான் மாட்டிக்குது. அப்போ நமக்கு வேணும்ங்கிறது, இந்தச் செல்கள் சாகாமலும் இருக்கணும், வெறி பிடிக்காமலும் இருக்கணும்.

இந்த இடத்துலதான் ஹார்மோன் வருது. ஸ்டீராய்டுன்னதும் சிலருக்கு ஜிம் ஞாபகம் வரும், சிலருக்கு ஆஸ்துமா இன்ஹேலர். எல்லா ஸ்டீராய்டு ஹார்மோனும் கொலஸ்ட்ராலைப் பட்டி டிங்கரிங் பண்ணி உடம்பு செய்றதுதான். நாலு வளையம் சேர்ந்த ஒரே எலும்புக்கூடு. ஆனா கார்டிசால் வேற வேலை, ஈஸ்ட்ரோஜன் வேற, புரோஜெஸ்டிரோன் வேற, டெஸ்டோஸ்டிரோன் வேற. ஏலக்காய், இஞ்சி, மஞ்சள் மூணும் ஒரே தாவரக் குடும்பம். அதுக்காகப் பாயசத்துல ஏலக்காய்க்குப் பதிலா மஞ்சள் போட மாட்டோம் இல்லையா? டாக்டர் எழுதிக் கொடுக்கிற டெக்ஸாமெத்தசோன், மெத்தில்பிரெட்னிசலோன் எல்லாம் கார்டிசாலோட உறவுக்காரங்க. தலைக்காயத்துல விஞ்ஞானிகள் பெருசா நம்பிக்கை வச்சது புரோஜெஸ்டிரோன் மேல. வாய்ஸ் நோட்டுல இருந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இந்தப் பேர்தான்.

இந்த ஹார்மோன்கள் கொழுப்புல கரையும். அதனால ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள போறதுக்கு இருக்கிற கடுமையான செக்போஸ்டைச் சுலபமாத் தாண்டிடும். இன்னொரு விஷயம், மூளை இதை வெளியில இருந்து வாங்கிக்கிறது மட்டும் இல்ல. 1981-ல பிரான்ஸ்ல எத்தியென்-எமில் போலியூ குழு, எலிகளோட அட்ரினல் சுரப்பியையும் பாலினச் சுரப்பியையும் எடுத்துட்டுப் பார்த்தாங்க. அப்பவும் மூளைக்குள்ள ஒரு ஸ்டீராய்டு குறையாம இருந்துச்சு. மூளை தன் தேவைக்குத் தானே ஸ்டீராய்டு செஞ்சுக்குது! இதுக்கு நியூரோஸ்டீராய்டுன்னு பேர் வச்சாங்க.

மைக்ரோகிளியாவைத் தனியா எடுத்தே பார்த்திருக்காங்க. ஜெர்மனியோட ஆஹென் நகரத்துல கோர்டியன் பேயர் குழு, எலியோட மைக்ரோகிளியாவைத் தட்டுல வளர்த்து, ஆக்ஸிஜனைக் குறைச்சு, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்துப் பார்த்தாங்க. 2014-ல வெளியான முடிவு: அழற்சியைக் கிளப்புற சிக்னல்கள் அடங்குச்சு, பழுதுபார்க்கிற பக்கம் செல்கள் சாய்ஞ்சது. நமக்கு வேணும்னு சொன்னோமே, கிட்டத்தட்ட அதேதான்.

எப்படி நடக்குது? ஹார்மோன் செல்லுக்குள்ள போயி, ஏற்பி ஒண்ணுல பூட்டுல சாவி மாதிரி உட்கார்ந்து, மரபணுக்கள் இருக்கிற கருவுக்குள்ள போயி, அழற்சி மரபணுக்களை ஆன் பண்ற சுவிட்சை அமுக்கி வைக்குதுங்கிறதுதான் பொதுவான விளக்கம். ஆனா இதுல ஒரு சிக்கல். எலியோட மைக்ரோகிளியாவுல எந்தெந்த ஏற்பி இருக்குன்னு 2008-ல வந்த ஒரு ஆய்வு பார்த்துச்சு. கார்டிசால் வகைக்கான ஏற்பி ஏராளம். ஈஸ்ட்ரோஜனுக்கும் ஒண்ணு இருக்கு. புரோஜெஸ்டிரோனோட வழக்கமான ஏற்பி அங்க இல்லவே இல்ல! அப்போ அது வேற வழியிலதான் வேலை செய்யணும். அல்லோபிரெக்னனோலோன்னு இன்னொரு பொருளா மாறி நரம்புகளை அமைதிப்படுத்தலாம், பக்கத்துச் செல்கள் மூலமா மறைமுகமாப் பேசலாம். தலைப்புகள்ல "பாதுகாக்கிறது"ன்னு எழுதாம "பாதுகாக்கலாம்"னு ஏன் எழுதணும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

சரி, எலியில இருந்து மனுஷனுக்கு வருவோம். அமெரிக்காவுல டொனால்ட் ஸ்டைன்னு ஒரு ஆராய்ச்சியாளர். தலையில அடிபட்ட எலிகள்ல பெண் எலிகள் சீக்கிரம் தேறுறதைக் கவனிச்சார். அதுலயும் புரோஜெஸ்டிரோன் அதிகமா இருக்கிற கட்டத்துல அடிபட்ட எலிகளுக்கு மூளை வீக்கம் ரொம்பக் குறைவு. அந்த ஹார்மோனை ஊசியாப் போட்டா ஆண் எலிகளுக்கும் வீக்கம் குறைஞ்சுது. பல வருஷம் இதை யாரும் பெருசா எடுத்துக்கல. 2007-ல எமரி பல்கலைக்கழகம் 100 நோயாளிகளை வச்சுச் சின்னதா ஒரு சோதனை முடிச்சுது. ஹார்மோன் கொடுத்தவங்கள்ல 30 நாளுக்குள்ள இறந்தவங்க 13 சதவீதம், கொடுக்காதவங்கள்ல 30 சதவீதம். அடுத்த வருஷம் சீனாவுல 159 பேரை வச்சுப் பண்ணின சோதனையும் அதே திசையில போச்சு. யோசிச்சுப் பாருங்க, விலை குறைஞ்ச, பல வருஷமாப் பழக்கத்துல இருக்கிற ஒரு ஹார்மோன். போடி மாதிரி ஊர் ஆஸ்பத்திரியிலயும் ஃபிரிட்ஜ்ல வச்சுக்கிட்டா போதும்ங்கிற மாதிரி ஒரு கனவு.

2014-ல ரெண்டு பெரிய சோதனைகளோட முடிவு வந்துச்சு. அமெரிக்காவுல 49 மையங்கள்ல, அடிபட்டு 4 மணி நேரத்துக்குள்ள மருந்தை ஆரம்பிச்ச புரோடெக்ட்-3. அதை 882 பேரோட பாதியிலயே நிறுத்திட்டாங்க, பலன் வர வாய்ப்பில்லைன்னு தெரிஞ்சதால. நல்லபடியாத் தேறினவங்க மருந்து கொடுத்த பக்கம் 51 சதவீதம், கொடுக்காத பக்கம் 55.5. இன்னொண்ணு சினாப்ஸ், 21 நாடுகள், 1,195 பேர். அங்க 50.4, 50.5. தம்பிடி வித்தியாசம் இல்ல.

கார்டிசால் உறவுக்காரங்களோட கதை இன்னும் கசப்பு. பல வருஷமா உலகம் முழுக்கத் தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அதனால "எங்க காலத்துல போடுவோமே"ன்னு ஒரு வயசான டாக்டர் சொன்னா அவர் பொய் சொல்லல. மூளைக் கட்டியைச் சுத்தி வர்ற வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் அற்புதமா வேலை செய்யும். காசநோய் மூளைக்காய்ச்சல்ல உயிரைக் காப்பாத்தும். இதைக் கண்ணால பார்த்தவங்க, தலைக்காயத்துலயும் வேலை செய்யும்னு நம்பினது இயல்புதான். ஆனா கட்டியைச் சுத்தி வர்ற வீக்கம் ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசியறதால வருது. அடிபட்ட மூளையில செல்களே நீரை உறிஞ்சி உப்புறது பெரிய பங்கு. ரெண்டுக்கும் பேர் வீக்கம்தான், நடக்கிறது வேற.

கிராஷ்னு பேர் வச்ச சோதனையில, அடிபட்டு 8 மணி நேரத்துக்குள்ள மெத்தில்பிரெட்னிசலோன் ஆரம்பிச்சாங்க. 20,000 பேரைச் சேர்க்கணும்னு திட்டம். 10,008 பேர் சேர்ந்தப்ப, 2004-ல நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துல இறந்தவங்க: மருந்து கொடுத்த பக்கம் 1,052 பேர், கொடுக்காத பக்கம் 893 பேர். ஏறக்குறைய 5,000 பேருக்கு 159 உயிர் வித்தியாசம். ஒரு ஊர் டாக்டர் வருஷத்துக்கு 10 கேஸ் பார்த்தா இந்த வித்தியாசம் அவர் கண்ணுல படவே படாது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது ஊசி போட்டுப் பிழைச்ச நாலு பேர்தான். இப்ப வழிகாட்டு நெறிமுறைகள், கடுமையான தலைக்காயத்துல அதிக டோஸ் மெத்தில்பிரெட்னிசலோன் கூடவே கூடாதுன்னு சொல்லுது. ஆகவே, கெஞ்சிக் கேட்டும் போடாத டாக்டர் நோயாளி பக்கம்தான் நின்னிருக்கார்.

ஏன் தோத்துச்சு? சோதனைக்கூடத்துல எல்லா எலிக்கும் ஒரே இடத்துல, ஒரே வேகத்துல அடி. ஒரே வயசு. அளந்து வச்ச நேரத்துல ஊசி. போடிமெட்டுல ஒருத்தர் பைக்ல சறுக்கி நெத்தியை இடிச்சிருப்பார், இன்னொருத்தர் ஜீப்போட உருண்டு நெஞ்செலும்பும் உடைஞ்சிருப்பார். ஒருத்தருக்கு ரத்தம் உறைஞ்சு மூளையை அமுக்குது, இன்னொருத்தருக்கு இழைகள் அறுந்திருக்கு. எல்லாத்துக்கும் ஒரே பேர், தலைக்காயம். ஸ்டைன் 2015-ல இந்தத் தோல்விகளைப் பத்தித் தானே ஒரு கட்டுரை எழுதினார். டோஸ் சரியாத் தேடப்படல, தேறுதலை அளக்கிற அளவுகோல் ரொம்ப மொண்ணையானதுங்கிற மாதிரி வாதம். அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆனா 2,000 பேருக்கு மேல பார்த்தும் ஒரு சின்ன அசைவுகூடத் தெரியலைன்னா, "டோஸ் சரியில்ல"ன்னு மட்டும் சொல்றது எனக்குப் போதாது.

எனக்கு இதைவிட முக்கியமாப் படுறது நேரம். எலிகள்ல இன்னொரு விஷயம் பார்த்திருக்காங்க: கார்டிசால் வகை ஹார்மோன், நோயெதிர்ப்பைத் தூண்டினதுக்குப் பிறகு வந்தா மைக்ரோகிளியாவை அடக்குது. அதுக்கு முன்னாடியே வந்திருந்தா, அதே செல்களைச் சீண்டி விட்டு, அடுத்த தூண்டுதலுக்கு இன்னும் ஆவேசமாக்குது. ஒரே ஹார்மோன், ஒரே செல், வர்ற நேரம் மட்டும் வேற. அடிபட்டு மூணாவது மணியில வேலி கட்டிக்கிட்டிருக்கிற மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்துறது உதவியா, உபத்திரவமான்னு வெளியில இருந்து பார்த்துச் சொல்ல இன்னும் நம்மகிட்ட கருவி இல்ல.

அப்போ அந்த 50 கிலோமீட்டர்ல என்னதான் செய்யலாம்? ஸ்டீராய்டை விட ரொம்ப சாதாரணமான ரெண்டு விஷயம்: ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம். 1993-ல அமெரிக்காவுல 717 கடும் தலைக்காய நோயாளிகளோட பதிவுகளைப் பார்த்தாங்க. வழியில ஒரு தடவை ரத்த அழுத்தம் 90-க்குக் கீழ போனாலே இறப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மைக்ரோகிளியாவைக் காயப்படுத்துற ஆக்ஸிஜன் பட்டினிதான் இது. அதனால 108-ஐக் கூப்பிடுங்க. உடம்புல வேற எங்கயாவது ரத்தம் கொட்டினா சுத்தமான துணியை வச்சு அழுத்திப் பிடிங்க. கழுத்தை ஆட்டாம, மூச்சுப் பாதை அடைக்காமப் பாருங்க. தண்ணி, சோடான்னு எதுவும் வாயில ஊத்தாதீங்க. ஜீப்புல உட்கார வச்சுத் தலை தொங்கத் தொங்கக் கொண்டுபோறதை நான் பார்த்திருக்கேன். அது வேண்டாம். காசுக்காகவும் யோசிக்காதீங்க. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்து நடந்தா, அடிபட்டவர் எந்த ஊர்க்காரரா இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021-ல இருந்து இருக்கு.

இன்னொண்ணு. அடிபட்டவர் எந்திரிச்சு நடந்து, டீ குடிச்சு, "ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொல்றதை நம்பிடாதீங்க. மண்டை ஓட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவுல ரத்தம் சேர்ற வகைக் காயத்துல, முதல்ல தெளிவா இருந்துட்டு சில மணி நேரம் கழிச்சு மயங்கி விழுவாங்க. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெருசாகுறது, வலிப்பு, மூக்கு வழியாத் தெளிவான நீர் வடியறது, இதுல எது இருந்தாலும் சிடி ஸ்கேன் இருக்கிற இடத்துக்குப் போயாகணும்.

ஹார்மோன் ஆராய்ச்சி இதோட முடிஞ்சு போகல. அல்லோபிரெக்னனோலோன்னு சொன்னேனே, அதையே மருந்தாக்கி, பிரசவத்துக்குப் பின் வர்ற மனச்சோர்வுக்கு 2019-ல அமெரிக்காவுல அனுமதி கொடுத்தாங்க. தலைக்காயத்துல இப்ப கவனம் முதல் சில மணி நேரத்தைத் தாண்டி, பல வருஷம் கழிச்சு என்ன ஆகுதுங்கிற பக்கமும் போயிருக்கு. 2011-ல லண்டன்ல, மைக்ரோகிளியா விழிச்சிருந்தா ஒளிர்ற மாதிரி ஒரு ஸ்கேனை, பழைய தலைக்காயம் இருந்த 10 பேருக்கு எடுத்தாங்க. அடிபட்டு 17 வருஷம் வரைக்கும் ஆனவங்க அதுல இருந்தாங்க. ஒளி இருந்தது அடிபட்ட இடத்துல இல்ல, மூளையோட நடுவுல இருக்கிற தாலமஸ்ல. நெருப்பு எப்பவோ அணைஞ்சாச்சு, வாட்ச்சர் மட்டும் இன்னும் டார்ச்சை அணைக்கல.

பெரியம்மாகூட ஜீப்ல போன ஒரு அக்கா சில வருஷம் முன்னாடி தலையில அடிபட்டுப் பிழைச்சு வந்தாங்க. இப்ப ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்குப் போறாங்க. சத்தம் கேட்டா எரிச்சல், சொன்னது மறந்துபோகுது, மத்தியானத்துக்கு மேல உட்கார முடியல. வீட்டுல அதுக்கு வச்ச பேர் "சோம்பேறித்தனம்". அவங்க மூளையில மைக்ரோகிளியா என்ன பண்ணுதுன்னு ஸ்கேன் இல்லாம யாராலயும் சொல்ல முடியாது, அதை அடக்க இன்னைக்கு நிரூபிச்ச மருந்தும் இல்ல. ஆனா அவங்களைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் பழைய தலைக்காயம் பத்தித் தெரிஞ்சிருக்கணும். தெரியாட்டி சத்து மாத்திரையோட அனுப்பிடுவாங்க. உங்க வீட்டுல யாருக்காவது இப்படி இருந்தா, பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வைங்க. அடிபட்ட தேதி, எவ்வளவு நேரம் நினைவில்லாம இருந்தாங்க, சிடி ரிப்போர்ட்ல என்ன எழுதியிருக்கு, இந்த மூணையும் ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கோங்க. அடுத்த தடவை ஓபி சீட்டு போடும்போது அதை முதல்ல காட்டுங்க.